பீட்ரூட் சூப்பில் ஓடவிருந்த கல்யாணக் கார்

டொலீடோ, ஒஹாயோ
வியாழக்கிழமை

மணக்கோலம் காணவிருக்கும் மகள் ஹலினாவுக்கு, உன் சித்தப்பா காசிமிர் முழு உடல்நலத்தோடும் முக்கால் மனநலத்தோடும் எழுதிக்கொள்வது. சித்தி இரெனா நலம். அவளுடைய ரொட்டி அடுப்புதான் நலமில்லை.

இனி நான் சொல்லப்போவதை உலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று பைபிள்மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன்.

சனிக்கிழமை தேவாலயத்துக்கு அப்பாவின் ஹைபிரிட் காரில்தான் போவேன், சித்தப்பாதான் ஓட்டணும் என்று சொல்லிவிட்டாய். அண்ணன் லியோன் காலமானதிலிருந்து எட்டு மாதமாகக் கொட்டகையில் நிற்கிற கார் அது; கியர் ஆயில் மாற்றாமல் எடுக்க முடியாது. நாற்பத்தொரு வருடம் கியர்பாக்ஸ் பிரித்தவன் நான். ஒரு சொட்டு ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தால், வண்டிக்காரன் முந்தின நாள் மனைவியோடு சண்டை போட்டானா என்பதுவரை சொல்லிவிடுவேன். இந்தக் காரிலோ தொட்டுப் பார்க்க ஆயில் குச்சியே இல்லை. போதாததற்கு எனக்கு ஜலதோஷம்.

பக்கத்து வீட்டு மெல்வின் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். "யோவ் காசி, இதுல கரண்டு மோட்டாரே ஆயில்லதான்யா குளிக்குது. தப்பான ஆயில ஊத்துனா செப்புக் கம்பிய அரிச்சுத் தின்னுடும். அப்புறம் கல்யாணப் பொண்ணு நடந்துதான் போகணும்."

"எனக்கேவா? சோதிச்சுக் காட்டுறேன் பாரு" என்றேன்.

கடைக்காரன் கொடுத்த ஹைபிரிட் ஆயில் ஒரு பாட்டில், என்னுடைய பழைய சிவப்பு ஆயில் ஒரு பாட்டில், கொட்டகை அலமாரியில் சிவப்பாக நின்ற பாட்டில் ஒன்று. அது அண்ணன் எடுத்துவைத்த ஆயில் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சென்ட் செப்புக் காசுகளைத் தங்கமாய் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பாட்டிலுக்கு ஒன்றாகப் போட்டு, மூன்று மணி நேரம் சித்தியின் அடுப்பில் வேகவைத்தேன். கிளம்பிய புகையில் நாலு ஊர்த் தீயணைப்பு வண்டிகள் வந்தன, ஏரிக்கு அந்தப்பக்கம் கனடாக்காரர்கள் சூரிய கிரகணம் என்று வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார்கள். முடிவு என்ன தெரியுமா? கடைக்காரன் ஆயிலில் கிடந்த காசு வெளுத்திருந்தது. என் ஆயிலில் கிடந்தது கறுத்திருந்தது. மூன்றாவது மட்டும் மணப்பெண் போலப் பளபளத்தது.

மெல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காசுகளைத் திருப்பினான். "அடப் பாவி, எண்பத்திரண்டாம் வருஷத்துக்கு அப்புறம் அடிச்ச காசுக்கு உள்ள பூரா துத்தநாகம்யா. செப்புத் தோல உரிச்சதே நீதான். நல்ல ஆயில் மேல ஏன்யா பழி போடுற?"

தோற்றவன் கேட்பானா? ஜெயித்த பாட்டிலையும் புனலையும் எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். எவ்வளவு ஊற்றுவது என்று பார்க்கக் கார் புத்தகத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு சீட்டு. அண்ணன் கையெழுத்து.

"டேய் காசி, மோந்து பார்க்காதே. விரல்ல தடவிப் பார்க்காதே. மெல்வின்கிட்ட சவால் விடாதே. அடுத்த பக்கத்தைப் படி. என் பொண்ணு இதுல போகணும்."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதற்குள் சித்தி வந்து, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி முகர்ந்தாள். "குளிர்ல கெடாம இருக்கட்டும்னு கொட்டகையில வெச்ச கல்யாணத்துப் புளிப்பு பீட்ரூட் சூப்புங்க இது. இந்த மூக்க வெச்சுக்கிட்டா நாப்பது வருஷம் பொழைச்சீங்க?"

நீயும் மாப்பிள்ளையும் ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு சொட்டும் கசியாமல் நெடுந்தூரம் போக வாழ்த்தும்,
உன் சித்தப்பா
காசிமிர்

பி.கு.: அடுப்பு எரியவில்லை, சூப் பத்திரம், கனடாவில் நல்ல வெயில். செவ்வாய்க்கிழமையே காரைப் பணிமனையில் விட்டு, புத்தகத்தில் போட்டிருந்த ஆயிலை மாற்றிவிட்டேன். வாய் திறக்காமல் உட்கார்ந்து அவர்கள் காப்பியைக் குடித்தேன். மேலே எழுதியதில் அந்தச் சீட்டு மட்டும் உண்மை. என் சட்டைப்பையில் இருக்கிறது. தேவாலயத்தில் எல்லாம் முடிந்த பிறகுதான் தருவேன். அப்பா கையெழுத்தை முன்னாடியே பார்த்தா கண் மை கரைஞ்சிடும். நீ அழலேன்னாலும் எனக்குக் கண்ணு மறைக்கும், நான் வண்டி ஓட்டணுமே.