அறுபத்துமூன்று வீட்டுச் சாயா

சாத்தோத்து வீடு,
வடகரைக்குக் கிழக்கே,
26 ஜூன் 2020

அஜ்மானில் ஒரே அறையில் ஏழு பேரோடு இடைவெளி விட்டுப் படுத்திருக்கும் அன்பு மகன் லினீஷுக்கு, அப்பா கணாரன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் பசுவும் நலம். அங்கு உன் நலத்தையும், மூக்குக்கு வாசனையும் நாக்குக்கு ருசியும் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்பதையும் அறிய ஆவல். நான் எழுதி முடித்ததும் சுகாதார ஊழியர் ஷைனி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். பக்க எண் போட்டிருக்கிறேன். முன்பின்னாக வந்தால் கண்டக்டர் மகன்தானே, நீயே வரிசையில் நிற்கவைத்துக்கொள்.

மே மாதம் நீ அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. நீ வேலை பார்த்த காபிக்கடையைப் பூட்டிவிட்டார்கள், மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, ஊருக்கு வரும் விமானத்துக்குப் பெயர் வந்தும் நீ போகவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, "பதினோரு வருசம் இங்க கெடந்துட்டு வெறுங்கையோட எப்படிப்பா வருவேன்? ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டுச் சட்டென்று நிறுத்திவிட்டாய். உன் அம்மா அதை ஒன்பது தடவை போட்டுக் கேட்டாள். பத்தாவது தடவைக்கு முன்னால் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அது அங்கிருந்தும் பேசியது. அன்றே பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஊரைக் கேட்டால் அல்லவா தெரியும்? இப்போது கேட்டுவிட்டேன். அதைத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

உனக்கு டிக்கெட்டுக்கும் அறை வாடகை பாக்கிக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் இருந்தால் உன்னை ஊருக்கு அழைத்துவிடலாம் என்று நானும் உன் அம்மா வனஜாவும் கூட்டிப் பார்த்தோம். வீட்டு நிலவரத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். உள்ளே வைக்க ஒன்றும் இல்லை என்பதால் பிரிட்ஜை நிறுத்திவிட்டோம், இப்போது அதில் கோழி அடைகாக்கிறது. பீடியை நாளைக்கு நான்காகக் குறைத்தேன். உன் அம்மா அதை எண்ணி மூன்றாக்கினாள். காலையில் பலாக்கொட்டைத் துவரன், மத்தியானம் பலாக்கொட்டைக் குழம்பு, சாயங்காலம் யாரோ யூடியூபில் காட்டினார்கள் என்று பலாக்கொட்டையை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு, "இதுக்கு கொரோனாவே தேவலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு வீட்டுக்குள்ளேயே ஆறடி இடைவெளி கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் அவளே பேசினாள். "இத்தன வருசமா ஊருல யாரு காசு முட்டுன்னு பயற்று வச்சுக் கூப்பிட்டாலும் போயி ஒக்காந்து சாயா குடிச்சு, ஐநூறும் ஆயிரமுமா குடுத்தீங்களே, அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டா என்னவாம்?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். என் முறைக்கு வரவேண்டியது அறுபத்துமூன்று வீட்டில் கிடந்தது. மொய்துவின் சாயாக்கடையில் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி என் பணப்பயற்று என்று நோட்டீஸ் அடித்து, பத்துக் கிலோ அவலும் வாங்கிய பிறகல்லவா நாட்டைப் பூட்டினார்கள்! ஆனால் மகனே, கொடுத்தவனுக்குக் கொடுத்ததற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திரும்ப வரும் என்பது எப்படி முறையோ, அதை வாயால் கேட்கக் கூடாது என்பதும் முறை. "பயற்றுக் காச சாயாதான்டி கேக்கணும், மனுசன் கேக்கக் கூடாது" என்றேன். "அப்ப அந்தச் சாயாவப் போயிக் கேக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் விஷயம் உள்ள சொல். அன்று மாலையே மொய்துவிடம் போய்ச் சொன்னேன். கடை மூடிக் கிடக்க, மடித்த பெஞ்சின்மேல் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், "ஆளு சாயாகிட்ட வரக் கூடாதுன்னுதானே கவர்மெண்டு சொல்லுது? சாயா ஆளுகிட்டப் போகக் கூடாதுன்னு எங்கடா சொல்லியிருக்கு?" என்று துள்ளி எழுந்தான். நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த வாரம், எட்டுப் பெரிய பிளாஸ்க், அவல் பொட்டலம், பூவன் பழம் எல்லாவற்றையும் அவனுடைய பால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வண்டி ஓட்டுவதும் சாயா ஊற்றுவதும் அவன். அவரவர் தம்ளரை அவரவர் வேலிமேல் வைக்க வேண்டும், ஊற்றிவிட்டு நாங்கள் பின்வாங்க வேண்டும், அவர்கள் முன்வந்து குடிக்க வேண்டும். காசு வாங்குவதற்கு, பலாக்காய் பறிக்கும் நீளத் துறட்டியின் நுனியில் என் பழைய கண்டக்டர் பையைக் கட்டியிருந்தேன். இருபத்தாறு வருஷம் தோளில் கிடந்த பை கோல் நுனியில் ஆடிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பழக்க தோஷத்தில் விசில் ஊதியதும் சங்கடம் போய்விட்டது.

பாலத்தில் போலீஸ் பிடித்தது. பக்கத்து வார்டை அடைத்திருந்தார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் லத்தியால் பிளாஸ்கைத் தட்டி, "என்ன இது?" என்றார். "சாயா" என்றான் மொய்து. "இத்தன சாயாவா?" என்று கேட்டவர், பின்னால் கோலும் பையுமாக உட்கார்ந்திருந்த என்னை உற்றுப் பார்த்தார். நான் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துக்கொண்டேன். "கணாரேட்டன்தானே? இது பயற்றுதானே?" என்றார். நான் பையை மெல்லக் காலடிக்கு இழுத்தேன். "அப்ப எங்க வீட்டுக்கு ஏன் சொல்லல? எங்கப்பா பயற்றுக்கு நீங்க ஆயிரம் வச்சீங்கள்ல? எங்களுக்கென்ன மானம் ரோசம் இல்லையா?" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டு, அங்கேயே நின்று ஒரு சாயா குடித்து, ஆயிரத்து இருநூறு ரூபாயை எண்ணி என் பைக்குள் போட்டார். பாலத்தின் அந்தக் கரையில் நின்ற யாரோ அதைப் படம் பிடித்து, வாகனத்தை நிறுத்திய போலீஸே வாகனக்காரருக்குக் காசு கொடுக்கும் அதிசயம் என்று ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். உனக்கும் வந்திருக்கும். கோலைப் பிடித்திருப்பவன் உன் அப்பன்.

அவர் வீட்டையும் சேர்த்து அன்று அறுபத்துமூன்று வீடும் முடிந்தது. கிடைத்ததைச் சொல்லுமுன் குஞ்ஞிக்கண்ணனைச் சொல்ல வேண்டும். தென்னை ஏறுகிறவன், இரண்டு மாதமாக வேலை இல்லை, இரண்டாயிரம் வைக்க வேண்டிய இடத்தில் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, "மிச்சம் தென்னையில இருக்கு கணாரேட்டா. ஏற விட்டாங்கன்னா எறக்கித் தர்றேன்" என்றான். அவனுக்கு மட்டும் மொய்து கேட்காமலே இரண்டாவது தம்ளர் ஊற்றினான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பையைத் தொடவிடவில்லை. கிருமி இருக்கும் என்று பையோடு சோப்புத் தண்ணீரில் முக்கினாள். நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். அந்த நேரம் பார்த்து மழைக்காலம் பிறந்தது. நீயும் நானும் வாழ்க்கையில் பார்க்காத அளவு பணம் கொடியில் ஆடிக்கொண்டிருக்க, இந்தக் கோடியிலிருந்து அவளும் அந்தக் கோடியிலிருந்து நானும் ஓடி ஓடிப் பறித்தோம். ஒரு இருநூறு ரூபாயைப் பசு நக்கிவிட்டது. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் இஸ்திரி போட்டாள். ஐநூறு ஒன்று பெட்டியில் ஒட்டிக் கருகிப் போனது. அது யார் கொடுத்தது என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மொய்துவுக்கு இருமல். சாதாரண இருமலா? கடைக்கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோகும் இருமல். ஷைனி வந்தாள், அவளுக்குப் பின்னால் கொல்லத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த சுகாதார ஆய்வாளர் தேவராஜன் சார் வந்தார். "கடந்த ரெண்டு நாள்ல எங்கெங்க போனீங்க, யாரு யாரப் பாத்தீங்க, ஞாபகப்படுத்திச் சொல்லுங்க" என்று மொய்துவை அவர் கேட்க, அந்த மடையன் என் பக்கம் கையைக் காட்டி, "ஞாபகம் எதுக்கு சார்? அவன் நோட்டுல எழுதியே வச்சிருக்கான்" என்றான். வேறு வழியில்லாமல் பயற்று நோட்டைக் கொடுத்தேன். பெயர், வீட்டுப் பெயர், போன் நம்பர், சாயா குடித்த நேரம் எல்லாம் வரிசையாக இருந்தது. தேவராஜன் சாருக்குப் பயற்று என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. "மூணு மாசமா தொடர்பு லிஸ்ட் எழுதுறேன். இப்படி ஒரு லிஸ்ட்ட நான் பாத்ததே இல்ல" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு அறுபத்துமூன்று வீட்டையும் பதினாலு நாள் பூட்டிவிட்டார்.

அன்று மாலையிலிருந்து போன் அடித்தது பார், அப்பப்பா! பொக்கன் மாஸ்டர் ஆரம்பித்துவைத்தார்: "ஏண்டா கணாரா, அரை தம்ளர் சாயா. அதுல சக்கரையும் கம்மி. அதுக்குப் பதினாலு நாளாடா?" பாலத்துப் போலீஸ்காரர் தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டு, விசாரித்தபோது குடித்த சாயாவென்று மேலதிகாரிக்கு எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். ஒருத்தி தங்கை கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்று அழுதாள். நான் காது கொடுத்து எல்லாம் வாங்கிக்கொண்டேன், குற்றம் என்னுடையதல்லவா? ஆனால் மகனே, உனக்கு இதை எழுதத்தான் இவ்வளவு மையைச் செலவழித்தேன். வைதவர்கள் எல்லாரும், ஒருவர் பாக்கி இல்லாமல், போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார்கள். "அது கெடக்கட்டும், லினீசுக்கு டிக்கெட் கெடச்சுதா?" பொக்கன் மாஸ்டர் கேட்டார், அழுதவள் கேட்டாள், நாற்பது வருஷமாக நம்மோடு வேலித் தகராறில் பேசாமலிருந்த மேலேவீட்டுக் கேளப்பன்கூடத் தன் பெண்டாட்டியை விட்டுக் கேட்கச் சொன்னான். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாயே, இதுதான் ஊர் சொன்னது. நான் அன்று அழுதேன், மறைக்கவில்லை. மூக்கு ஒழுகுவதைப் பார்த்து ஷைனி பயந்துபோய் வேலிக்கு வெளியிலிருந்தே என் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் துப்பாக்கியைப் பிடித்தாள்.

மொய்துவுக்கு ஒன்றும் இல்லை என்று ஐந்தாம் நாள் சீட்டு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக் கிடந்த கடையைக் கிளம்புவதற்கு முன்னால் பெருக்கினானாம், அந்தத் தூசியாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன! வந்த பணத்தில் டிக்கெட்டும் உன் வாடகை பாக்கியும் போக ஒரு கிலோ மத்தி வாங்க மிச்சம் இருந்தது, வாங்கிவிட்டோம். டிக்கெட் ஏஜெண்டு நோட்டை மோந்து பார்த்து, "சோப்பு வாசன வருதே" என்றதோடு சரி. ஜூலை ஒன்பதாம் தேதி, கோழிக்கோடு. மாடி அறையில் பதினாலு நாள் இருக்க வேண்டும், அம்மா இப்போதே கழுவிவிட்டாள்.

இனி நான் சொல்வதைக் கேள். வரும்போது ஒன்றும் கொண்டுவராதே. அத்தர், தைலம், டார்ச் லைட்டு, பெரியம்மாவுக்குச் சேலை ஒன்றும் வேண்டாம். பெட்டி படுக்கையோடு வந்தால் ஒவ்வொன்றுக்கும் மருந்தடிக்க வேண்டும், வெறுங்கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது என்று உன் அம்மா சொல்கிறாள். வந்து ஒரு வருஷம் சும்மா இரு. உன்னிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பயற்று என்ற பேச்சும் இனி நம் வீட்டில் கிடையாது. ஒரு ஊரையே வீட்டுக்குள் அடைத்த பாவம் போதும். நோட்டைத் தேவராஜன் சாரே வைத்துக்கொள்ளட்டும், நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை. பகவதி சத்தியம்.

முகத்தை மூடி, கையைக் கழுவி, மனசை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு பத்திரமாக வந்துசேர். அறையிலுள்ள ஏழு பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
சாத்தோத்து கணாரன் (கண்டக்டர், ஓய்வு)

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை, தேவராஜன் சார் நோட்டோடு வந்து நிற்கிறார். கடைசிப் பக்கத்தில் அறுபத்துநாலாவது பெயராகத் தன் பெயரை அவரே எழுதியிருக்கிறார். "எங்க ஊர்ல இப்படி ஒண்ணு இல்லையே கணாரேட்டா, அடுத்ததுக்கு என்னையும் சேத்துக்குங்க" என்கிறார். வீட்டு வாசலுக்கு வந்து ஒரு மனிதன் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? பகவதியிடம் நான் பேசிக்கொள்கிறேன். மொய்துவுக்கு வயதாகிவிட்டது, காபிக்கடையில் பதினோரு வருஷம் அடுப்படியில் நின்ற கை ஒன்று கூட இருந்தால் கடையைப் பெரிதாக்கலாம் என்று அவன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் உண்மை. ஆகவே ஓணத்துக்கு முந்தின ஞாயிறு, மொய்துவின் கடையில் உன் பெயரில் பயற்று. ஐந்து ஐந்து பேராக, காலை ஆறு மணி தொடங்கி. நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டது. இங்கே நல்ல சாயாத்தூள் கிடைக்கவில்லை. அங்கிருந்து ஐந்து கிலோவும், டின் பால் ஒரு பெட்டியும், அறையிலுள்ள பிள்ளைகளிடம் கைமாற்று வாங்கியாவது எடுத்து வா. அறுபத்துநாலு வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் மகனே, தயவுசெய்து வெறுங்கையோடு மட்டும் வந்துவிடாதே.