ரிஜெக்ட் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

ஓசூரில் நான் இருந்த ஏழு வருடங்களில், ரிஜெக்ட் பார்த்த மாத்திரத்தில் ‘சரி’ என்று சொன்ன பொருள் ஒன்றுகூட இல்லை. இது மிகை என்று நினைப்பவர்கள் அவரோடு உழவர் சந்தைக்குப் போனதில்லை.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை அவர் வேலை. லாரியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு உருப்படியும் அவர் மேசைக்கு வரும். பச்சை அட்டை கட்டினால் போகலாம். மஞ்சள் அட்டை கட்டினால் காத்திருக்க வேண்டும். சிவப்பு அட்டை கட்டினால் பழைய இரும்பு. அவர் சட்டைப் பையில் சிவப்பு அட்டைதான் கற்றையாக இருக்கும். அதனால் எல்லோருக்கும் அவர் ‘ரிஜெக்ட்’; அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர், தனி ஆள்.

சந்தையில் கால் கிலோ பீன்ஸ் வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். கத்தரிக்காய் விற்கும் அம்மாள் அவர் தலை தெரிந்ததும் கூடையைச் சாக்கால் மூடிவிடுவாள். வாடகைக்குப் பதினோரு அறைகளைப் பார்த்து வேண்டாம் என்றவர், பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அப்போது மழை பிடித்துக்கொண்டதுதான். நான் ஒரு நாளிதழின் ஓசூர் நிருபர். ஒரு நாள் என் விபத்துச் செய்தியைக் கத்தரித்து எடுத்து வந்தார். ‘அதிவேகமாக வந்த லாரி’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

“எத்தன கிலோமீட்டர்னு போடலையே சார்?”

“அது தெரியாதுங்க.”

“தெரியாதத எப்படி அதிகம்னு சொல்லுதீங்க?”

நாங்கள் இருவரும் சாப்பிட்டது ஜெயம்மாக்கா மெஸ்ஸில். பாகலூர் சாலையில் தகரக் கூரை போட்ட நீண்ட அறை. பதினான்கு பேர் வாடிக்கை. என்னைத் தவிர எல்லோரும் ஷிப்ட் வேலைக்காரர்கள். அக்காவுக்குப் பாகலூர், வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். இதற்கு முன் நான்கு மெஸ்கள் ரிஜெக்ட்டை ‘வேற இடம் பாத்துக்கோப்பா’ என்று அனுப்பியிருந்தன. அக்கா மட்டும் அவர் தட்டைத் திருப்பிப் பார்ப்பதையும், சோற்றுப் பருக்கையை விரலால் உருட்டிப் பார்ப்பதையும் பொறுத்துக்கொண்டாள். “பார்க்கட்டும். என் சோத்துல என்னா குத்தம் கெடக்குது?” என்பாள்.

குற்றம் அவர் தோலில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து, கை, கழுத்து, முதுகு என்று சிவப்புத் தடிப்புகள். அரிக்கும், இரண்டு மணி நேரத்தில் மறையும், வேறு இடத்தில் கிளம்பும். பெங்களூரில் ஒரு தோல் மருத்துவர், மாத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார். ஆறு வாரத்துக்குச் சோறு, சுரைக்காய், பூசணிக்காய், பேரிக்காய், உப்பு. வேறு எதுவும் கூடாது. அதற்குப் பிறகு மூன்று நாளுக்கு ஒரு பொருளாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்க்கும்போது தடிப்பு வருகிறதோ, அதுதான் எதிரி.

மற்றவர்களுக்கு இது பத்தியம். ரிஜெக்ட்டுக்கு இது கல்யாணம். உலகத்தில் உள்ள எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒரே நாளில் சிவப்பு அட்டை கட்ட ஒரு டாக்டரே உத்தரவு போட்டிருக்கிறார்!

ஆறு வாரம் அவர் இம்மி பிசகவில்லை. அக்கா அவருக்காகத் தனி அடுப்பில், தனிச் சட்டியில் சுரைக்காய் வேகவைத்தாள். தருமபுரிக்காரரான வெல்டர் செந்தில் எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை உறிஞ்சிக் காட்டுவார். “ரிஜெக்ட்டு, மோந்தாச்சும் பாரேன். மூக்கு வழியா போனா கணக்குல வராது.” ரிஜெக்ட் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வாசனையில் நான் திணறும்போது அவர் பேரிக்காயின் காம்பைச் சோதித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வாரத்திலேயே தடிப்புகள் போய்விட்டன. அவருக்கு நிம்மதி. சிக்கல் அங்கேதான் பிறந்தது. மெஸ் சாப்பாட்டை நிறுத்தினார், உடம்பு சரியாகிவிட்டது என்றால், மெஸ் சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாம்பாரைக் கரண்டியால் கிளறி அடியில் பார்க்க மட்டும் ஆரம்பித்தார்கள். ஒருவருக்குக் கழுத்தில் வியர்க்குரு வந்தது. அடுத்த வாரம் அவர் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் இருந்தார். கூடவே இரண்டு பேர் போனார்கள்.

ஏழாவது வாரம் சேர்ப்புத் திருவிழா தொடங்கியது. தண்ணீர் டிரம்முக்கு மேலே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினார். பருப்பு, தக்காளி, புளி, மிளகாய், தேங்காய், பால், கடலை, முட்டை, கோழி, ராகி என்று இருபத்து மூன்று பொருள்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு உட்காருவார், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். முட்டை தினத்தன்று இரண்டாவது ஷிப்ட் போக வேண்டியவர்கள்கூடக் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

“என்ன ரிஜெக்ட்டு, முட்ட தப்பு பண்ணலையா?” என்று மறுநாள் செந்தில் கேட்டார்.

“இன்னும் அம்பது மணி நேரம் பாக்கி இருக்கு.”

பருப்பு பச்சை. தக்காளி பச்சை. முட்டை பச்சை. கத்தரிக்காய்மீது அவருக்குப் பழைய சந்தேகம் இருந்தது, அதுவும் பச்சை. பத்தியத்தின் நூற்றுப் பதினோராம் நாள் கடைசிப் பொருளும் தேறியது. பெங்களூர் மருத்துவர் அட்டவணையை வாங்கிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதியதில்லை என்று பாராட்டிவிட்டு, “இனிமே எல்லாம் தின்னுங்க. எப்பவாச்சும் வந்தா ஒரு மாத்திரை. அவ்ளோதான்” என்று அனுப்பிவிட்டார்.

மெஸ்ஸில் அன்று பாயசம். எல்லோருக்கும் இலை போட்டுச் சோறு பரிமாறியாயிற்று. ரிஜெக்ட் சோற்றைத் தனியாகத் தின்றார். பிறகு வெந்த பருப்பு கேட்டுத் தனியாகத் தின்றார். பிறகு ஒரு தக்காளி. பிறகு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தார். சாம்பார் வாளி வந்தபோது இலையின்மேல் கையை விரித்து மறைத்தார்.

“ஏமய்யா, அதே பருப்புதானே? அதே புளிதானே?” என்றாள் அக்கா.

“தனித்தனியா பாஸுக்கா. சேத்து வச்சு இன்னும் டெஸ்ட் பண்ணல. காரணமும் கிடைக்கல. காரணம் கிடைக்காம எப்படிக்கா வெளிய விடுறது?”

கணக்குப் போட்டே வைத்திருந்தார். இருபத்து மூன்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் இருநூற்றைம்பத்து மூன்று ஜோடி. ஜோடிக்கு மூன்று நாள் என்றால் இரண்டு வருடமும் இருபத்தொன்பது நாளும். மும்மூன்றாகச் சேர்த்தால் பதினான்கு வருடத்துக்கு மேல். சாம்பாருக்கு எட்டுப் பொருள் வேண்டும். “அதுக்கு நான் ரிட்டயர் ஆனாலும் பத்தாது” என்றார், சிரிக்காமல்.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. ஒரு ஆள் மெஸ்ஸில் உட்கார்ந்து, சாம்பாரை உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தின்றுகொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவான்? மேலும் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். பதினான்கு ஒன்பதாயிற்று. அக்காவின் பெரிய குண்டான் மேடையில் கவிழ்ந்தே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தாள். “இங்க பாருப்பா. உன்னை நான் திட்டல. நாலு மாசம் உனக்குன்னு தனி அடுப்பு எரிச்சேன். ஆனா நீ இங்க உக்காந்துனு சாப்புடாம இருக்கற வரைக்கும் ஜனம் என் குண்டானைத்தான் முறைக்குது. இன்னும் ரெண்டு பேரு போனா நான் கடையை மூடிட்டு ஊருக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் ஒரே குண்டான்ல சாப்புடு. ஆகாதுன்னா தட்டை எடுத்துனு போயிடு.”

ரிஜெக்ட் கிழிந்த அட்டவணையைப் பொறுக்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஓசூரில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆறாவது மெஸ் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்.

சனிக்கிழமை காலை நான் டீக்கடையில் இருந்தபோது வந்தார். டீ சொல்லவில்லை. டீ என்பது மூன்று பொருளும் தண்ணீரும்.

“சார், உங்க தொழில்ல ஒரு சந்தேகம். ஒரு குடோன் தீப்பிடிக்கி. காரணம் தெரியல. செய்திய எப்படிப் போடுவீங்க?”

“‘விபத்துக்கான காரணம் உடனடியாகத் தெரியவில்லை’னு போடுவோம்.”

“போட்டுட்டு?”

“அடுத்த செய்திக்குப் போயிடுவோம்.”

அவர் அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் யாராவது ஆறுதல் அடைவார்கள் என்று நினைத்ததில்லை.

“அப்படியும் போடலாமா?” என்றார். பிறகு, “எங்க கம்பெனியிலயும் டீவியேஷன்னு ஒரு ஃபாரம் உண்டு சார். உருப்படி சரியா இல்ல, ஆனா ஓடும், பொறுப்ப நாங்க ஏத்துக்கிடுதோம்னு ரெண்டு பேர் கையெழுத்து போடணும். பதினஞ்சு வருசத்துல நான் ஒண்ணுலகூட கையெழுத்து போட்டதில்ல.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் துவைத்த சட்டையில், கையில் ஒரு தாளோடு வந்தார். ஒன்பது பேரும் இருந்தோம்; விலகிப்போனவர்களில் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வாசலில் நின்றார்கள். தாளை அக்காவிடம் நீட்டினார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் உரக்கப் படித்தேன்.

பொருள்: ராகிக் களி, கோழிக் குழம்பு, சோறு, ரசம். அனுப்பியவர்: ஜெயம்மாக்கா. குறை: உடனடியாகத் தெரியவில்லை. முடிவு: ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

கீழே அவர் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

“இன்னாய்யா இது? சோறு போடறதுக்குக்கூட நான் கையெழுத்து போடணுமா?”

“பொறுப்பு ரெண்டு பேருக்கும் உண்டுக்கா.”

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, தெலுங்கில், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். செந்தில் கைதட்டினார்.

ரிஜெக்ட் உட்கார்ந்து இரண்டு சட்டைக் கைகளையும் மடித்துவிட்டார். அவருக்கு இடது பக்கத்தில் நான், சுவரை ஒட்டி. எதிரே மற்றவர்கள். அக்கா ஒரு களி உருண்டையை வைத்து, நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். அவர் உருட்டிப் பார்க்கவில்லை. தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. பிட்டுத் தோய்த்து விழுங்கினார். நூறு நாளுக்கு மேல் சுரைக்காய் தின்ற நாக்கு; அவர் கண்ணில் நீர் கோத்தது. காரத்தால் என்று செந்திலிடம் சொன்னார்.

முக்கால் உருண்டை முடிந்திருக்கும். அவருடைய இடது கை மடியில் இருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், கொத்துமல்லி விதை அளவில் சிவப்பாக ஒன்று எழும்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. அவரும் பார்த்தார். அந்தக் கண் ஒரு மயிரிழை பிசகைக்கூட விட்டுவைத்ததில்லை. அறையில் யாரும் மெல்லவில்லை.

“ஏமய்யா,” என்றாள் அக்கா, கரண்டியைப் பிடித்தபடி, “ஏதாச்சும் தெரியுதா?”

ரிஜெக்ட் கையை மடிக்குள் திருப்பினார். எச்சில் கையின் விரல் நுனிகளால் இடது சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து இறக்கி, பொத்தானைப் போட்டார். வெள்ளைத் துணியில் குழம்புக் கறை பட்டது.

“ஒண்ணும் இல்லக்கா. இன்னொரு உருண்டை போடுங்க.”

“கையைக் காட்டு ரிஜெக்ட்டு!” என்று செந்தில் எழுந்தார்.

“பேக்கிங் முடிஞ்சாச்சு தம்பி. சீல உடைக்கக் கூடாது.”

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. வாசலில் நின்ற மூன்று பேரும் உள்ளே வந்து தட்டு கேட்டார்கள். அக்கா அடுப்பங்கரைக்குப் போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. பிறகு பெரிய குண்டானை நிமிர்த்தும் சத்தம் கேட்டது.

மே மாத வெயில். மற்றவர்கள் பனியனோடு இருந்தார்கள். அவர் முழுக்கைப் பொத்தான் போட்டு, வியர்த்து வழிந்து, ரசம் வரைக்கும் சாப்பிட்டார். கை கழுவும்போது ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். மறுநாள் மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. அது கோழியால் வந்ததா, சேர்க்கையால் வந்ததா, அத்தனை பேர் முறைத்ததால் வந்ததா, எனக்குத் தெரியாது. அதன் பிறகும் எப்போதாவது வரும். அன்று அவர் முழுக்கையில் இருப்பார். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் மாறவில்லை. அடுத்த வாரமே உழவர் சந்தையில் ஒரு கூடை வெண்டைக்காயை நிராகரித்தார்.

நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. நான் ஓசூரை விட்டுக் கிளம்பும்வரை, மெஸ்ஸில் அவருடைய இடது பக்கத்து இடத்தில் வேறு யாரையும் நான் உட்கார விட்டதும் இல்லை.