திறந்த சிலுவையும் ஆறு கால் பன்றியும்

1946 ஜனவரி 8, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்தேன். குளித்து, பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மழையே பெய்யாத ஊரில் வாத்தியாருக்குக் குடை எதற்கு என்று கேட்பார்கள். வெயிலுக்குத்தான். மாலையில் மணி அடித்ததும் அருப்புக்கோட்டையில் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, திருச்சுழிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று பன்றியைச் சுட்டே தீர்வதென்று ஒத்தக்கண் அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த மானாவாரிக் காட்டில் அவரைப் போல, சுடுவதற்கு முன் யோசித்த மனிதர் ஒருவரும் பிறந்ததில்லை. அவரைப் போலச் சுடாமல் இருந்தவரும் இல்லை.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அவருக்கு இரண்டு கண்ணும் உண்டு. பட்டாளத்தில் குறி பார்த்துப் பழகியதில் இடக்கண் தானாக மூடிக்கொள்ளும். இட்லியை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் போடுவார். ஒருமுறை அவர் அப்படிப் பார்த்ததில் பஸ் டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டதாகச் சொல்வார்கள்.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன் மேல் தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் ஒரு குழல் கண்ணாடி. சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ரேஷன் அரிசி பாதி நாள் வராது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் நம்பியிருந்தது அந்தத் துண்டு நிலத்துக் கடலையை மட்டுமே. காய் பிடிக்கிற நேரத்தில் குண்டாற்றங்கரை உடைமரக் காட்டிலிருந்து பன்றிகள் இறங்கின. பொழுது சாய்ந்தால் வந்து, உழுதது போல் புரட்டிப்போட்டுவிட்டுப் போகும். கிறிஸ்துமஸ் அன்றே அக்கா அண்ணாச்சியிடம் போய் நின்றாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அங்கேதான் பிடித்தது சனி.

குழல் கண்ணாடிக்குள் குறி பார்க்கச் சிலுவை போல இரண்டு கம்பிகள் இருந்தன. அவை அறுந்துவிட்டன. புதிதாக நூல் கட்டினால் போதும். ஆனால் எப்படிக் கட்டுவது? இரண்டு இழையும் நடுவில் வெட்டிக்கொண்டால் அது மூடிய சிலுவை. நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நான்கு துண்டாக நின்றால் திறந்த சிலுவை.

முதலில் மூடிய சிலுவை கட்டினார். ஒரு வாரம் வரப்பில் உட்கார்ந்து பார்த்தார்.

"சரிப்படாது வாத்தியாரே. எந்த எடத்துல சுடணுமோ அந்த எடத்தையே நூலு மறைச்சிருது. பன்னி நெத்தியே தெரியல."

நூலைப் பிரித்தார். மறுபடி யோசித்தார்.

"தொறந்தது வச்சா நெத்தி நல்லாத் தெரியும். ஆனா நடுவுல ஓட்டையாப் போயிருதே. ஓட்டைக்குள்ள எந்தப் பக்கம்னு குண்டுக்கு யாரு சொல்றது?"

அவர் கட்டிப் பிரித்துக்கொண்டிருக்க, பன்றிகள் கிழக்கேயிருந்து வரிசையாகத் தின்றுகொண்டு வந்தன.

"அண்ணாச்சி, மூடுனதா தொறந்ததான்னு பன்னி கேட்டுக்கிட்டா வருது?" என்றாள் அக்கா. "அந்தக் கண்ணாடியவே கழட்டிட்டு வெறுமனே சுடுங்களேன்."

"எனக்குக் கண்ணு மங்கல், ஆத்தா. கண்ணாடி இல்லன்னா பன்னி எது, உன் தம்பி எதுன்னு தெரியாது."

அதற்கப்புறம் அந்த யோசனையை நான் எடுக்கவிடவில்லை.

கடைசியில் திறந்ததே என்று முடிவானது. ஆனால் நான்கு நூல் துண்டும் பிடிப்பில்லாமல் தொங்கின. அருப்புக்கோட்டையில் அவருக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் வழி சொன்னார். "இதுக்கா இம்புட்டு யோசனை? தறியில பாவு நூலுக்குப் போடுற கஞ்சியை ஒரு கை தடவிக் காய வைங்க. ஆணி மாதிரி நிக்கும்."

நின்றது. அதைத்தான் அன்று மாலை வரப்பில் எனக்குக் காட்டினார். நானும் பார்த்தேன். நான்கு இழையும் விறைத்து நின்றன. நடுவில் சுத்தமான இடம். அக்காவுக்கு முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பாதிக் கடலை இன்னும் மிச்சமிருந்தது.

வெளிச்சம் மங்கும்போது பன்றிகள் வந்தன. அண்ணாச்சி இடக்கண்ணை மூடிக் குழலில் வலக்கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"ஆனைத் தண்டிக்குப் பெருசா இருக்கு, வாத்தியாரே."

"சுடுங்க."

"ஆறு காலு இருக்கு."

"சுட்டுட்டு எண்ணுவோம், அண்ணாச்சி."

"நெத்தியில ரெண்டு மீசை வேற ஆடுது. இது இந்த ஊருப் பன்னி இல்ல" என்றபடியே சுட்டுவிட்டார்.

குண்டு போய், கடலைக்குள் நின்ற காவல் பொம்மையின் பானைத் தலையைத் தூளாக்கியது. அது ஒன்றுக்குத்தான் பன்றிகள் இதுவரை கொஞ்சமாவது பயந்திருந்தன. வெடிச் சத்தத்தில் மிரண்ட கூட்டம் ஆற்றுப் பக்கம் ஓடாமல் மிச்சக் கடலைக்குள் புகுந்து, குறுக்கும் நெடுக்கும் மிதித்து உழக்கிவிட்டுப் போனது.

நான் துப்பாக்கியை வாங்கி, குழலை வெளிச்சம் இருந்த பக்கம் திருப்பிப் பார்த்தேன். திறந்த சிலுவையின் நடுவில், சுத்தமாக விட்டிருந்த அந்த இடத்தில், ஒரு சிற்றெறும்பு நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கஞ்சி தின்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சியும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தொறந்து விட்டது தப்பு. மூடுனது வச்சிருந்தா எறும்புக்கு நிக்க எடம் இருந்திருக்காது."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முறிந்த செடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் முற்றாத பால் காய். "வா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். பிள்ளைகளுக்கு அன்று கஞ்சி ஊற்றும்போது அவள் கை சட்டியைச் சுரண்டிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. படுத்த பிறகு எங்கோ யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். விட்டு விட்டு, விடியும்வரை.

விடிந்ததும் அக்காவும் நானும் கடலைக் காட்டுக்குப் போனோம். மேற்கு மூலை மட்டும் அப்படியே நின்றது. புதிய காலடி ஒன்றுகூட இல்லை.

"விதைக்குப் போதும். திங்கிறதுக்குப் பத்தாது" என்றாள் அக்கா.

அந்த மூலையின் வரப்பில், மடியில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துக்கொண்டு, கையில் குச்சியோடு ஒத்தக்கண் அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் காணோம். அவருடைய இரண்டு கண்ணும் ஒன்றாக மூடியிருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அவரை எழுப்ப வேண்டாமென்று கையைக் காட்டினாள். வெயில் வரப்பில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த குடையை விரித்து, அவர் முகத்தில் நிழல் விழும்படி மண்ணில் ஊன்றினேன்.