கூரை மேல் இரண்டாம் பொம்மை

கூச்சப்படுகிற மனிதன் வீட்டைப் பிரித்துக் கட்டக் கூடாது. கொத்தனாரிடம் பேச வேண்டும், மணல் வண்டிக்காரரிடம் பேச வேண்டும், சாரம் கட்டப் பக்கத்து வீட்டில் அனுமதி கேட்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான், கடைக்கு வருகிறவர்களிடம் கயிற்று விலையைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வேன். (சுவர் பேரம் பேசாது.)

திண்டுக்கல்லில் எங்கள் ஓட்டு வீட்டின் முன்னறைதான் கயிற்றுக் கடை. என் மனைவி பாக்கியத்தின் அண்ணன் ராசு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே வீட்டுக்கும் சரக்குக்கும் அவரிடம் நெருப்பு பாலிசி எடுத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓட்டைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டோம். வேலை முடியும்வரை, சுவரை ஒட்டி ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. சமையலும் அதற்குள்தான். எங்கள் பிழைப்பான கயிற்றுக் கட்டுகள் அத்தனையும் அதற்குள்தான்.

வந்து பார்த்த ராசு தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மாப்ளே, பாலிசில ஓட்டு வீடுன்னுல்ல இருக்கு! பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்பத் தீப்பிடிச்சா கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். அம்புட்டும் போச்சு!”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்…”

“யாருகிட்ட? செவுத்துகிட்டயா?”

மறுநாளே மதுரையிலிருந்து அதிகாரியை அழைத்து வருவதாகவும், விவரத்தை நானே சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். பாக்கியம் ஒரு தண்ணீர்க் குடத்தை அதிகாரியாக நிறுத்தி எனக்குப் பயிற்சி கொடுத்தாள். குடத்திடம் பிரமாதமாகப் பேசினேன்.

மறுநாள் வாசலில் கார் வந்து நின்றது. ராசுவோடு கோட்டு போட்ட ஒருவர் இறங்கினார். அவ்வளவுதான், என் கால்கள் என்னைக் கேட்காமலே ஏணியில் ஏறிவிட்டன.

கூரையில் புதுக் காங்கிரீட் இறுகுவதற்காகச் சுற்றிலும் களிமண் வரப்பு கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். நடுவே திருஷ்டி பொம்மை. வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, என் பழைய சட்டை. வேறு வழி தெரியாமல் அதன் பக்கத்தில் போய், அதைப் போலவே இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

“ஏம்மா, இந்த வீட்டுக்கு எதுக்கு ரெண்டு பொம்மை?”

பாக்கியத்துக்குப் பொய் வராது. “ஒண்ணு திருஷ்டிக்குங்க. இன்னொண்ணு எங்க வீட்டுக்காரரு.”

கொத்தனார் சிரித்த சிரிப்பில் சாரமே ஆடியது. அப்போதாவது நான் இறங்கியிருக்கலாம். கையைக்கூட இறக்கவில்லை. (எந்த முகத்தோடு இறங்குவது?)

அவமானத்தை மறைக்கக் காப்பி போடப் போன பாக்கியம், வேகமாக ஊதி அடுப்பை எரியவிட்டாள். அதிகாரி கொட்டகைக்குள் போய்க் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓலைக்கடியில கயிறு, பக்கத்துல அடுப்பு. இதுக்கு எப்படிங்க பாலிசி தர்றது?” என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. அதே நொடியில் கீற்றின் மேலே புகையையும் பார்த்தேன். உள்ளே இருந்த யாருக்கும் அது தெரியவில்லை.

பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த குரல் மொத்தமாக வெளியே வந்தது.

“ஏலே கோட்டு! வெளிய ஓடுலே! ஏ பாக்கியம், தீ!”

கொட்டகைப் பக்கத்து வரப்பை எட்டி உதைத்தேன். கூரைத் தண்ணீர் முழுவதும் அருவியாகக் கீற்றின் மேல் கொட்டியது. தீ அணைந்தது. பாக்கியம் அந்தப் பக்கம் ஓடித் தப்பினாள். அதிகாரி சரியாக அருவிக்கடியில் ஓடி வந்தார்.

கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் ராசுவைத் திரும்பிப் பார்த்தார்.

“இவரு பேசவே மாட்டாருன்னீங்களே?”

பிறகு அவரே முதலில் சிரித்தார். “இறங்கி வாங்கய்யா. கயித்தை ஓட்டுக் கட்டடம் எதுக்காவது மாத்துங்க. அடுப்பைத் தள்ளி வைங்க. வேலை முடியுறவரைக்கும் தனியா ஒரு பாலிசி எழுதித் தர்றேன். முடிஞ்சதும் காங்கிரீட் வீடுன்னு மாத்திக்கலாம்.”

நான் இறங்கினேன். சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தேன். “இறக்கி வச்சிருக்கிற சிமெண்டுக்கும் கம்பிக்கும் சேருமா சார்?” என்று கேட்டேன். ராசு வாயைப் பிளந்தார். சேர்த்தே எழுதினார்கள். கயிற்றில் ஒரு கட்டுகூடக் கருகவில்லை.

போன மாதம் என் மகன் மாடி எடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தான். பாக்கியம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

“மொதல்ல இன்சூரன்சுக்குச் சொல்லு. அப்புறம் கொத்தனாருக்குச் சொல்லு. திருஷ்டி பொம்மைக்குச் செலவு பண்ணாத, அப்பாவை ஏத்திக்கலாம்.”