ஒன்பது பூந்தொட்டி வெளியுறவு மந்திரி

பறவை பார்க்கப் போகிறவர்கள் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கள் தீவிலுள்ள கொடிமலை ஏறுகிறார்கள். நான் சொல்லப்போகும் இனத்தைப் பார்க்க அவ்வளவு பாடுபட வேண்டாம் ஐயா. காலை ஏழரை மணிக்கு ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் ஏதாவதொரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், போய் உட்காருங்கள். எந்த மேசையில் தேத்தண்ணீர் ஆறிப்போன பிறகும் பேச்சு ஓயாமல் இருக்கிறதோ, அங்கே இருப்பார். சம்பளமில்லாத வெளியுறவு மந்திரி. எந்தக் கடலில் யார் கப்பல் விடலாம், எந்த ராணுவம் என்றைக்குத் தேர்தல் வைக்க வேண்டும், சின்ன நாடுகள் எந்த வல்லரசிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு ரொட்டி சானாய் முடிவதற்குள் தீர்த்துவைப்பவர். தன் வீட்டு வாசலில் நடக்கும் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கருத்தே கிடையாது.

எனக்குக் கிடைத்த மாதிரிப் பறவை, சிவநேசன். எங்கள் அடுக்குமாடி பிளாட்டில் மூன்றாம் மாடி. பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கப்பல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று எழுதி எழுதி, அவற்றை அனுப்பிவைத்ததே தான்தான் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. நல்ல மனிதர், சத்தியமாகச் சொல்கிறேன். இந்த இனத்தில் கெட்டவர்களை நான் பார்த்ததில்லை, அதுதான் சங்கடமே.

அவர் பாடம் நடத்தும் அழகைப் பாருங்கள். பருப்புக் கறிக் கிண்ணம் ஒரு வல்லரசு. மீன் கறிக் கிண்ணம் இன்னொரு வல்லரசு. நடுவில் கொட்டிக் கிடக்கும் தேத்தண்ணீர் தென்சீனக் கடல். அதில் ஊறிக்கொண்டிருக்கும் ரொட்டித் துண்டு, நாம். “நாம சின்ன நாடு. பாத்துத்தான் நடக்கணும்லா” என்று ஆரம்பிப்பார். ரொட்டித் துண்டைப் பருப்புப் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்துவார், உடனே பயந்துபோய் மீன் பக்கம் அரை அங்குலம் இழுப்பார், பாயான் லெப்பாஸில் செய்கிற கம்ப்யூட்டர் சிப்பை யாருக்கு விற்றால் யாருக்குக் கோபம் வரும் என்று விளக்குவார், ஆசியான் கூட்டமைப்பு ஏன் எதையும் ஓட்டுக்கு விடாமல் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசிக்கொண்டே இருக்கிறது என்பதற்குப் பத்துக் காரணம் அடுக்குவார், எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் ஒரே தாவாக மியன்மாருக்குப் போய்விடுவார். கடைக்காரர் ஷஃபீக் துணியோடு வந்து கடலை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் மறுபடியும் கொட்டும்.

வீட்டிலும் இதே கொள்கைதான். இன்றைக்கு ரசம் வைக்கட்டுமா, சாம்பார் வைக்கட்டுமா என்று அவர் மனைவி யோகம்மா கேட்டால், இரண்டுமே நல்லதுதான் என்பார். அந்த அம்மாள் கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

கடலில் ஒன்பது கோடு போட்டுச் சொந்தம் கொண்டாடுவது அநியாயம் என்பது சிவநேசனின் அசையாத கட்சி. ஆனால் எங்கள் பிளாட்டின் கீழே, கூரை போட்ட ஒரே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒன்பது பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பவர் யார்? அவரேதான். அது எல்லாருக்கும் பொதுவான இடம். கேட்டால், ரொம்ப காலமாகத் தான்தானே அங்கே நிறுத்துகிறேன் என்பார். இதற்கு வரலாற்று உரிமை என்று பெயர். தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீரும் ஊற்றுகிறார்.

ஜனநாயகம் என்று வந்துவிட்டால் மனிதருக்குக் குரலே மாறிவிடும். ஒரு நாள் எங்கேயோ தூர தேசத்துத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது மேசையைத் தட்டினார். “ஒன்பது வருசமா எதிர்த்து நிக்க ஆளில்லாம ஒருத்தன் நாற்காலியில உட்கார்ந்திருக்கான்னா, அதுக்குப் பேரு தேர்தலா?” மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் சின்னையா, எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். ஒன்பது வருடமாகப் போட்டியின்றித் தேர்வாகி வருகிறவர். அதானே என்று தலையாட்டிவிட்டு அவர் ரொட்டியைக் கிழித்தார். இரண்டு பேருக்கும் எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் சங்கத் தேர்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கூட்டம் தொடங்கும்போதே மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களை மேசையில் அடுக்கிவிடுவார்கள். சுடச்சுட. வாசனை கூடம் முழுக்கப் பரவும். தலைவர் பதவிக்கு யாராவது நிற்கிறீர்களா என்று சின்னையா கேட்பார். எல்லார் கண்ணும் பொட்டலத்தின் மேல் இருக்கும். நின்றால் பேச வேண்டும், பேசினால் மீ ஆறிவிடும். சிவநேசன் எழுந்து, ஒருமித்த கருத்துத்தான் நம் வட்டாரத்தின் பண்பாடு என்று சொல்லிச் சின்னையாவின் பெயரையே முன்மொழிவார். கைதட்டல். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், பிறகு எல்லாரும் சாப்பிடுவோம்.

இந்த வருடம் மீ ஆறியது. காரணம் லிப்ட்.

எங்கள் பிளாட்டில் இரண்டு லிப்ட். ஒன்று எட்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. மற்றது மழை பெய்தால் நின்றுவிடும், ஆயர் ஈத்தாமில் மழைக்கு என்ன பஞ்சம்? பதினோராம் மாடியில் ஜெயலெட்சுமி அக்கா இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். லிப்ட் நின்றுபோய் இரண்டு தடவை அவரால் போக முடியவில்லை. கால் வீங்கி, மூச்சுத் திணறி, கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்கள்தான் வந்து தூக்கிப் போனார்கள். சின்னையாவைக் கேட்டால் கான்ட்ராக்டரோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்பார். எட்டு மாதமாக நடக்கிறது. அக்காவின் மகள் துளசி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீசியன், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தலைவர் பதவிக்குத் தானே நிற்பதாக எழுதி, அந்தப் பழுதான லிப்டின் கதவிலேயே ஒட்டிவிட்டாள். வேறொரு கம்பெனியோடு பேசியும் வைத்திருந்தாள். ஜெயித்தால் மறுவாரமே வேலை தொடங்கிவிடும்.

ஆகா, ஜனநாயகம் வந்துவிட்டது, அதுவும் சொந்த வாசலுக்கே! மந்திரி துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? ஆளையே காணோம். மூன்று நாள் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. துளசி அவர் வீட்டுக்கே போய்விட்டாள். உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, முறுக்கு கொடுத்து, தேர்தல் என்பது எவ்வளவு புனிதமானது என்று முக்கால் மணி நேரம் பேசி, வாழ்த்தும் சொல்லி அனுப்பினார். ஓட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமே சின்னையாவைப் பார்த்து, எதற்கும் நிலைத்தன்மை முக்கியம் என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த ஒன்பது பூந்தொட்டிகளைக் கண்டும் காணாமல் விட்டுவைத்திருப்பவர் சின்னையா. தீபாவளி தவறாமல் ஒரு போத்தல் நெய்யுருண்டை அனுப்புகிறவர் ஜெயலெட்சுமி அக்கா. பருப்பையும் பகைக்க முடியாது, மீனையும் பகைக்க முடியாது.

கூட்டத்துக்கு நாற்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வருகைப் பதிவைப் பார்த்து நானே குறித்துக்கொண்டேன். கை தூக்கி ஓட்டு. எண்ணியவர் ஏழாம் மாடி ஸுல்கிஃப்லி, பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், தப்பு வராது. சின்னையாவுக்கு இருபத்தொன்று. துளசிக்கு இருபத்தொன்று. மறுபடி எண்ணினார், அதேதான். இன்னும் கை தூக்காதவர்கள் உண்டா என்று அவர் கேட்டதும் எல்லார் தலையும் சிவநேசன் பக்கம் திரும்பியது. அவர் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான். அதனால நான் நடுநிலை. லிப்ட் விஷயத்துல என்னோட ஆழ்ந்த கவலைய மட்டும் மினிட்ல எழுதிக்குங்க.”

கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். சங்க விதிப்படி இரண்டு பக்கமும் சமமானால் தலைவருக்கு இன்னோர் ஓட்டு உண்டு. சின்னையா அதைத் தனக்கே போட்டுக்கொண்டார், வேறு யாருக்குப் போடுவார், சொல்லுங்கள். ஆறிப்போன மீ கோரெங்கை எல்லாருக்கும் கொடுத்தார்கள். துளசி வாங்காமல் எழுந்து போனாள், பதினோரு மாடி, படியில்.

அடுத்த வியாழக்கிழமை விடியும்போதே மழை. இருந்த ஒரு லிப்டும் நின்றது. அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துளசி, ஸுல்கிஃப்லி, நான், மூன்று பேரும் முழித்துக்கொண்டு நின்றபோது, நாலாவது காலைப் பிடிக்க யார் மூச்சிரைக்க ஏறி வந்தார் என்று நினைக்கிறீர்கள்? சிவநேசனேதான். யாரும் கூப்பிடவில்லை. நல்ல மனிதர் என்று நான் முதலிலேயே சொன்னேனே. எட்டாம் மாடி வரும்வரை வாய் மூடவில்லை. மனிதாபிமான உதவி வேறு, உள்விவகாரத்தில் தலையிடுவது வேறு, முதலாவதைச் சின்ன நாடுகள் தாராளமாகச் செய்யலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கினார். ஐந்தாம் மாடியில் நாற்காலியை இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம். அவர் உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை வலிக்குதா தம்பி?”

“அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா.”

“அன்னைக்குக் கூட்டத்துல அந்தக் கையக் கொஞ்சம் மேல காட்டியிருக்கலாம்லா. நான் இப்படி உசிரக் கையில புடிச்சிக்கிட்டு எறங்கியிருக்க வேண்டாம்.”

சிவநேசன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வெளியுறவு அமைச்சிடம் அறிக்கை எதுவும் கைவசம் இல்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அப்போது அக்கா முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீயுந்தான்.”

நாற்பத்து நான்கில் நாற்பத்திரண்டு போனால் இரண்டு. நீங்கள் அப்போதே கழித்துப் பார்த்திருப்பீர்கள், மரியாதைக்காகக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். நான் அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா. எழுதுகிறவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்காவை இன்னும் ஐந்து மாடி இறக்க வேண்டியிருந்தது, இறக்கினோம்.

இப்போது மறுவாக்கெடுப்புக்குச் சிறப்புக் கூட்டம் கேட்டுத் துளசி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். சிவநேசன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டுரையை முடித்துவிட்டுப் போடுகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். நாளைக்குச் சனிக்கிழமை, வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. அது கிடக்கட்டும், எங்கள் இரண்டு பேரையும் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, உங்கள் கட்டடத்தில் கடைசியாக ஓட்டெடுப்பு நடந்தபோது உங்கள் கை எங்கே இருந்தது?