வருஷம் போடாத ராஜினாமா

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் வரைக்கும் ஒரு கம்பெனி கேட் விடாமல் ஏறி இறங்கித் தேடினாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்கிற சூப்பர்வைசர் ஒரே ஒருத்தர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ரிசைன் மேடம். சொந்தப் பெயர் அவருடைய ஐ.டி. கார்டில் இருந்தது. அதை யாரும் படித்துப் பார்த்ததில்லை.

நான் அவரிடம் மாட்டிய கதையைச் சொல்கிறேன். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து, மூடி, எட்டு மாதம் வீட்டில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். வயது முப்பத்தாறு. கார் கதவு ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் ஓடுமே, அதைச் செய்கிற ஒரகடத்துக் கம்பெனி ஒன்று போனால் போகிறது என்று என்னை ஒரு வருஷ டிரெய்னியாக எடுத்துக்கொண்டது. வருஷம் முடிந்தால் பெர்மனென்ட் ஆர்டர் வரும், அல்லது வராது. வராவிட்டால் அந்த வயதில் வேறு எந்த கேட்டிலும் செக்யூரிட்டியைத் தாண்டியிருக்க முடியாது. வீட்டுக்காரி பென்னலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் நின்று குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். "நீ பெர்மனென்ட் ஆயிடுய்யா, நான் ஒரு நாளு லீவு போட்டு நல்லாத் தூங்கணும்" என்பாள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் டீ பிரேக்கில் மேடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். என்னைவிட ஆறு வயது சின்னவர், வாலாஜாபாத்துக்காரர்.

"ஒரு ரிசிக்னேஷன் எழுதிக் குடுங்கண்ணா."

"மேடம், நான் காலையிலதான் சேந்தேன்."

"அதனாலதான் இப்பவே கேக்குறேன். நாளாச்சின்னா பயம் புடிச்சிக்கும், எழுத மாட்டீங்க. எப்ப போவீங்க, போயி இன்னா பண்ணுவீங்க, ரெண்டே ரெண்டுதான். பொய் மட்டும் எழுதாதீங்க."

எட்டு மாதம் கழித்துக் கிடைத்த வேலை ரெண்டரை மணி நேரத்தில் போகிறதே என்று தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஜூலியட், எங்கள் லைனில் மூத்த ஆபரேட்டர், "எழுதிக் குடுத்துடுங்க. நாங்க எல்லாரும் குடுத்ததுதான்" என்றாள். எழுதினேன். 'பெரிய ஜெராக்ஸ் கடை வைக்கப் போவதால் 15.3 அன்று வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கையெழுத்து. மேடம் வாங்கி ஒரு மஞ்சள் ஃபைலில் சொருகிக்கொண்டார். என் பிறந்த நாள் தேதியைப் போட்ட நான், எந்த வருஷம் என்று போட மறந்துவிட்டேன். அந்த மறதி பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

அந்த ஃபைலில் என்னுடையதோடு சேர்த்து லைன் ஆட்களின் நாற்பத்தோரு கடிதங்கள் இருந்தன. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். ஆகவே பாதிப் பேர், 'எனக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால்' என்று தொடங்கி, நாலு வருஷம் கழித்து ஒரு தேதி போட்டிருந்தார்கள். "நாலு வருசம் கழிச்சு வரப் போற காய்ச்சலு உனுக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சா?" என்று மேடம் திருப்பிக் கொடுப்பார். அக்கா கல்யாணம் என்று எழுதிய ஒருவனுக்கு அக்காவே கிடையாது.

வாங்கியதோடு விட்டாரா என்றால் இல்லை. ஆறு வருஷம் கழித்துத் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைப்பேன் என்று ஜூலியட் எழுதிவிட்டாள், பாவம். அன்றிலிருந்து லைனில் எந்த மெஷின் நின்றாலும் மெயின்டனன்ஸ்காரர் பக்கத்தில் அவளைத்தான் நிறுத்துவார். ஜெராக்ஸ் கடை என்று எழுதிய என்னிடம், மெஷினுக்கு மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் விளக்கத் தாள்களைக் கிழித்துக் கொடுத்து, "இத்த எவனும் படிக்கிறதில்ல. படம் போட்டு, தமிழ்ல, படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். டீ பிரேக் போச்சு. அவர் இன்றைக்குச் செய்த தப்புக்குத் திட்ட மாட்டார், அடுத்த வருஷம் நாம் செய்யப் போகிற தப்புக்கு இன்றைக்கே திட்டுவார். பல நாள் அவர் மேல் எனக்குக் கொலைக் கோபம் வந்திருக்கிறது. சொல்வதற்கென்ன.

இதற்கு நேர் எதிர் எங்கள் பிளான்ட் ஹெட், செகண்ட் சார். முப்பத்தெட்டு செகண்டுக்கு ஒரு ரப்பர் என்பது எங்கள் லைன் கணக்கு. அவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். நாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று மெஷின் தாண்டிப் போயிருப்பார். அவரிடம் பேசப் போனால் யாராக இருந்தாலும் தொண்ணூறு செகண்ட்.

என் டிரெய்னிங் முடிகிற மார்ச் மாதம் ஃபைவ் எஸ் ஆடிட் வந்தது. வேண்டாததையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து வெளியே போடுகிற சடங்கு அது. மேடத்தின் பீரோவிலிருந்து மஞ்சள் ஃபைல் வெளியே போனது, நேராக எச்.ஆர். மேஜைக்கு.

பதினோராம் தேதி காலை ஷிஃப்டில் எச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். "உங்க ரிசிக்னேஷன் அக்செப்ட் ஆயிடுச்சு. பதினஞ்சாம் தேதி, மூணரைக்கு ரிலீவிங். அதுக்கப்புறம் கார்டு கேட்ல வேலை செய்யாது."

என் பெர்மனென்ட் இன்டர்வியூ பதினாறாம் தேதி.

"சார், அது சும்மா எழுதினது. வருஷமே போடல பாருங்க."

"வருஷம் போடலன்னா இந்த வருஷம்னுதான் அர்த்தம். லீவ் லெட்டர்ல எவன் சார் வருஷம் போடறான்? கையெழுத்து உங்களுதுதானே?"

மற்ற நாற்பது பேரும் ஒழுங்காக வருஷம் போட்டுத் தொலைத்திருந்தார்கள். அந்தக் கடிதங்கள் செகண்ட் சாரின் பார்வைக்குப் போயிருந்தன. மேடம் ஆட்களைக் கலைக்கிறார் என்று பேச்சு.

லைனுக்கு ஓடினேன். ஆள் குறைவு என்று மேடமே மெஷினில் நின்றுகொண்டிருந்தார். எச்.ஆர். கொடுத்த தாளை நீட்டினேன். லைனை நிறுத்த முடியாது. ஆகவே முப்பத்தெட்டு செகண்டுக்கு ஒரு வாக்கியமாகத்தான் பதில் வந்தது.

"படிச்சேன்ணா." ஒரு ரப்பர் போனது.

"தப்பு என்னுதுதான், ஃபைல வூட்ல வெச்சிருக்கணும்." இன்னொன்று போனது.

"இன்னும் நாலு நாள் கீது இல்ல?" மூன்றாவது.

நாலு நாளாம். நாற்பது வருஷம் இருக்கிற மாதிரி சொல்கிறார். செகண்ட் சார் வெளியூர் போயிருந்தார், பதினைந்தாம் தேதிதான் வருவார். அந்த நாலு நாளும் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வீட்டில் சொல்லவில்லை. அவள் பதினேழாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள், தூங்குவதற்கு. அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்வது?

பதினைந்தாம் தேதி மூன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். செகண்ட் சார், எச்.ஆர். சார், மேடம், நான், மேஜை மேல் மஞ்சள் ஃபைல். சார் ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

"நாப்பத்தோரு பேரை வெளிய அனுப்ப பிளான் பண்றீங்களா மேடம்?"

"ஆமா சார்."

என் உயிர் போய்விட்டது. எச்.ஆர். சார் சந்தோஷமாகப் பேனாவை எடுத்தார்.

"எல்லாரும் ஒரு நாளு போவத்தான் போறாங்க சார். எங்க போவாங்கன்னு தெரிஞ்சா, இங்க கீற வரைக்கும் இன்னா கத்துக் குடுக்கலாம்னு எனக்குத் தெரியும். போன மாசம் மெஷின் நின்னப்ப மெயின்டனன்ஸ் ஆளு வர்றதுக்குள்ள ஜூலியட் ஓட்டி வுட்டுச்சி. நீங்கதான் டைம் பாத்தீங்க."

சாருக்கு அது ஞாபகம் இருந்தது. செகண்ட் விஷயம் எதுவும் அவருக்கு மறக்காது. என் கடிதத்தை உருவி என் முன்னால் போட்டார்.

"வருஷம் போடுங்க. இந்த வருஷமா, வேற வருஷமா, இப்பவே. நாப்பது செகண்ட் இருக்கு."

பேனாவை எடுத்தேன். இருபது வருஷம் தள்ளிப் போட்டுவிட்டால் வேலை தப்பிக்கும். ஆனால் எதிரில் மேடம். பொய் மட்டும் எழுதாதீங்க என்றவர். உண்மையை யோசித்துப் பார்த்தால், ஜெராக்ஸ் கடை நினைப்பு எனக்குக் கடைசியாக வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. மெஷினுக்கு மேல் ஒட்டிய என் தாள்களைப் புது ஆட்கள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டதிலிருந்து அந்தக் கடையை நான் மறந்தே போயிருந்தேன். எங்கேயும் போக எனக்கு ஆசையில்லை. அதற்கு எந்த வருஷத்தைப் போடுவது?

"இருபது செகண்ட்" என்றார் சார்.

15.3க்குப் பக்கத்தில் எழுதினேன். 'மேடம் போற வருஷம்.'

எச்.ஆர். சார் எட்டிப் பார்த்தார். "சார், இது டேட்டே இல்ல."

செகண்ட் சார் மேடத்தைப் பார்த்தார். "நீங்க எப்பப் போறீங்க?"

"என் லெட்டரும் அதுலயே அடியில கீது சார்."

எடுத்தார். வாய்விட்டே படித்தார். 'என் வேலையை என்னைவிட நன்றாக ஒருத்தர் செய்கிற அன்று விலகிக்கொள்கிறேன்.' தேதி இருக்க வேண்டிய இடம் காலி.

ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். "டேட் இல்லாத லெட்டர் ரெண்டும் செல்லாது. ரிலீவிங் லிஸ்ட்ல இருந்து அவர் பேரை எடுங்க. மேடம், ஃபைலைத் தூக்கிட்டுப் போங்க. அடுத்த ஆடிட்ல இது என் கண்ணுல படக் கூடாது."

வெளியே வந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் இன்டர்வியூ, பதினேழாம் தேதி ஆர்டர் கையில். நான் வீட்டுக்குப் போனபோது மணி நாலு. அவள் காலையில் படுத்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆர்டரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நானே உலை வைத்தேன்.

மூன்று வருஷம் ஓடியது. நான் லைன் லீடர் ஆனேன். ஒரு நாள் மேடம் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு கம்பெனியில் புது லைன் ஆரம்பிக்கிறார்களாம்.

"உங்களைவிட நல்லா செய்யற ஆள் இங்க யாரு மேடம்?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"மூணு வாரமா மெஷின் நின்னா ஒருத்தரும் என்னைக் கூப்புடல, உங்களைத்தான் கூப்புடறாங்க. நீங்க கெவனிக்கலையா?"

சத்தியமாகக் கவனிக்கவில்லை.

அவர் கடைசி நாள் மார்ச் பதினாறு. புதுக் கம்பெனியில் பதினைந்தாம் தேதியே வரச் சொல்லியிருந்தார்களாம், இவர் கெஞ்சி இரண்டு நாள் தள்ளிக் கேட்டிருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் என் கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஏன் மேடம், பதினாலோட முடிச்சிருக்கலாமே?"

"இதுல இன்னா எழுதிக்கீறீங்க? நான் போற வருசம், மார்ச் பதினஞ்சு. அது நேத்தே தாண்டிப் போச்சி. இனிமே இத்தக் காட்டி உங்களை ஒருத்தரும் வெளிய அனுப்ப முடியாதுண்ணா."

அவர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போய்ட்டு வாக்கா" என்று வந்துவிட்டது. என்னைவிட ஆறு வயது சின்னவர்தான், என்ன செய்ய, வந்துவிட்டது.