லைசென்ஸ் இருக்கிறது, லாரி ஓட்டமாட்டார்

மலாயாவில், எங்கள் ஜொகூர்க் காட்டில் புலி இருப்பதாகச் சொல்லிப் புதிதாகக் கப்பலிறங்குகிறவர்களைப் பயமுறுத்துவார்கள். இத்தனை வருடத்தில் நான் ஒரு புலியையும் பார்த்ததில்லை. ஆனால் அதைவிட விசித்திரமான பிராணி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதற்கு லாரி ஓட்ட லைசென்ஸ் உண்டு. லாரி மட்டும் ஓட்டாது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். தலையில் டிரைவர் தொப்பி இருக்கும்; விரலில் கிரீஸ் இருக்காது. "என்ன தம்பி, வேலையில சேந்தாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும், அதன் பின்னால் ஒரு புன்சிரிப்பு வரும், அதற்கும் பின்னால் அந்தப் பிராணிக்கே உரிய குரல் வரும்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்குங்க."

அந்த ஒன்று முடிந்ததா? முடியும். முடிந்தவுடன் இன்னொன்று முளைக்கும்.

எங்கள் சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்து லியோனார்டை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான பையன். லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவன். பரீட்சை வைத்த அதிகாரியே கைகொடுத்தாராம். ரப்பர் விலை விழுந்து ஆட்களை மூட்டை முடிச்சோடு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், தோட்டத்து லாரி டிரைவர் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விசுவலிங்கம், வெள்ளைக்காரத் துரையிடம் மன்றாடி அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்தார். போதாதற்கு வினிஃப்ரெட்டும் காத்திருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிற பெண். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் அப்பா கேட்டதெல்லாம் வேலையில் இருக்கிற மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

லியோனார்ட் செய்ய வேண்டியது என்ன? ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்ப வேண்டும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தான்.

"லொறி நிக்குது. உம்மட்டை லைசென்சும் இருக்குது. ஏறி ஓடுமன்!" என்றார் விசுவலிங்கம், தமது யாழ்ப்பாணத் தமிழில்.

"ஓட்டலாங்க ஐயா. ஆனா நடுரோட்டுல யாராச்சும் மயங்கி விழுந்தா? முதலுதவி சர்டிபிகேட் இல்லாம எப்படி லா?" என்றான் லியோனார்ட், மலாய்க்காரர் போல வாலில் ஒரு 'லா' ஒட்டி.

நியாயமான கேள்விதானே என்று எல்லோரும் தலையாட்டினோம். அங்கேதான் தப்புப் பண்ணினோம். முதலுதவி முடிந்து கட்டுப்போடும் துணியோடு வந்தவன், கோத்தா திங்கியில் வெள்ளம் வந்து லாரி ஆற்றில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து நீச்சலில் உயிர்காக்கும் பரீட்சைக்குப் போனான். அதில் தேறிக் கரையேறியதும், லாரி மூழ்கிய விவரத்தைத் துரைக்குக் கையாலா எழுதுவது என்று வெட்கப்பட்டு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தான். விரல் பழகியதும், எரிகிற லாரியின் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிக்க முடியாதே என்று தீயணைப்புப் பயிற்சிக்குச் சிங்கப்பூருக்கு ரயிலேறினான். இத்தனை ஆபத்தும் எந்த லாரிக்கு வந்தது? கொட்டகையை விட்டு நகராத லாரிக்கு!

தோட்டம் அதற்காக நிற்குமா? "லியோனார்ட் வரும்வரைக்கும்" என்று சொல்லி டெஸ்மண்ட் என்ற பையனை லாரியில் ஏற்றினார்கள். இவன் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவையில்தான் லைசென்ஸ் வாங்கினான். ஓட்டுவதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது. முதல் வாரமே பின்னால் எடுக்கிறேன் என்று கிராணியின் ஆட்டுக் கொட்டிலைச் சாய்த்தான். மறுநாள் காலையில் மறுபடியும் வந்து வண்டியைக் கிளப்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையெல்லாம் மாதா கோவிலுக்கு ஏற்றிப்போவதும் அவன்தான்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று வினிஃப்ரெட் பிடிவாதமாக நின்றாள். "திங்கக்கிழமை கண்டிப்பா வேலையில சேந்துடறேன்" என்று லியோனார்ட் அவள் அப்பாவிடம் சத்தியம் பண்ணினான்; எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையை வாசிக்க ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாம் ஞாயிறு சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல நிறுத்தினார்.

"இருக்கு சாமி" என்று ஒரு குரல் கேட்டது.

கோவிலே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றவன் மாப்பிள்ளை.

சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உனக்கு முன்னாலேயே கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல சாமி. லண்டன்லேர்ந்து தேனீ வளர்ப்புப் பரீட்சைத் தாள் கப்பல்ல வந்துகிட்டிருக்கு."

"தேனீயா? எதுக்கு?"

"என்ஜினுக்குள்ள கூடு கட்டிட்டா, சாமி? அரைகுறை டிரைவரா இருந்துகிட்டு ஒரு பொண்ணைக் கட்டிக்கிறது பாவமில்லையா? அதை மட்டும் முடிச்சிடறேன்."

"அலமாக்!" என்று யாரோ மலாயில் ஐயோ போட்டு முனகினார்கள். அப்போது பெண்கள் பக்கத்தில் வினிஃப்ரெட் எழுந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சாமி, பொண்ணு பேரு அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளை பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "டெஸ்மண்ட், உங்களுக்கு ஏதாச்சும் பரீட்சை பாக்கி இருக்கா?" என்று கேட்டாள்.

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்த டெஸ்மண்ட், கொஞ்சம் பயந்துபோய், "ஒண்ணும் இல்லீங்க. வண்டி வெளியதான் நிக்குது" என்றான்.

புது ஓலை மறுபடி மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியிருந்ததால் கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு நடந்தது. இந்தத் தடவை தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை. லியோனார்ட் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அவன்கிட்ட என்னங்க தகுதி இருக்கு?" என்று என்னிடம் கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் நின்ற லாரியைக் காட்டினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கு லாரியும் இல்லை, தேனீயும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ஒருவர், "எப்போ?" என்று உங்களைக் கேட்டு நாளாகிறது அல்லவா? "இது ஒண்ணு மட்டும் முடியட்டும்" என்று நீங்கள் பதில் சொன்னது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதால் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கும் எழுந்து நிற்கத் தெரியும்.